விவரச் சீட்டில் இடம் போதவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இறைநம்பிக்கையையும் மக்கள் ஒற்றுமையையும் சமூகச் செயல்பாட்டையும் பொருளாகக் கொண்ட சமகாலக் கலையைப் பற்றி வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை இருமுறை படித்தேன். ஓவியக் கண்காட்சி என்றால் பள்ளி ஆண்டுவிழா மேடைக்குப் பக்கத்தில் ஒரு மூலை என்றே எண்ணப்படும் ஊர்களில் 32 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாளிதழ் இதற்காக ஒரு பக்கத்தை ஒதுக்கியதே எனக்கு மகிழ்ச்சியளித்தது. கட்டுரையில் சொல்லப்பட்ட பலவற்றோடும் எனக்கு உடன்பாடு உண்டு.

ஆயினும் அதில் ஓர் இடத்தில் காவிரிப் படுகையின் கோயில்களும் தர்காக்களும் தேவாலயங்களும் நகரத்துக் கலைஞர்களுக்கு ‘ஊற்றாக’ விளங்குகின்றன என்று எழுதப்பட்டிருந்தது. ஆற்றில் நீர் வற்றிய மாதங்களில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து வளர்ந்தவன் நான். ஊற்று தானாகத் தோன்றுவதில்லை, யாரோ ஒருவர் குனிந்து தோண்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தோண்டியவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. நீண்டுவிட்டால் பொறுத்தருள்க.

முதலில் நேரடியாக எனக்குத் தெரிந்த ஒரு நிகழ்வைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் தென்னைகள் வேரோடு சாய்ந்ததையும் கூரைகள் பறந்ததையும் தங்கள் நாளிதழ் நாள்தோறும் எழுதியது. அதற்குச் சில மாதங்கள் கழித்து, வேதாரண்யம் வட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றுக்கு நகரத்திலிருந்து ஒரு கலைஞர் வந்தார். அவரை அனுப்பிய அமைப்பின் பெயரையோ அவர் பெயரையோ இங்கே குறிப்பிடப் போவதில்லை. அவர் நல்லெண்ணத்தோடுதான் வந்தார் என்பதை இன்றும் நம்புகிறேன். புயலில் கிழிந்த சேலைகளையும், வீட்டுக் கூரையாகப் பல வாரங்கள் இருந்த தார்ப்பாய்களையும் ஒன்றாகத் தைத்து ஒரு பெரிய துணியை உருவாக்க வேண்டும், அதில் அவ்வூர்ப் பெண்கள் தங்கள் வேண்டுதல்களைத் தைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஊரில் அறிமுகம் உள்ளவன் என்ற முறையில் என்னை உதவிக்கு அழைத்தார்கள். பள்ளிக் கட்டடத்தின் சாவியை வாங்கித் தருவது, நூல்கண்டும் ஊசியும் வாங்கி வருவது, தேநீர் சொல்லிவிடுவது ஆகியவை என் வேலைகள்.

27 பெண்கள் வந்தார்கள். உப்பளத்து வேலை முடிந்து வந்தவர்கள் சிலர், மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவர்கள் சிலர், பள்ளிவாசல் தெருவிலிருந்து ஐந்து பேர், கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து மூன்று பேர். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் இவர்கள் அனைவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசியது அதுவே முதல்முறை என்று அவர்களே சொன்னார்கள். துணியில் எதைத் தைப்பது என்ற கேள்வி வந்தவுடன் பேச்சு தடித்தது. மாரியம்மனைத் தைக்கலாம் என்றார் ஒருவர். தைத்த துணியை மடித்துக் கீழே வைப்பார்கள், கால் படும், வேண்டாம் என்றார் அவருடைய மாமியார். “எங்கள்ல உருவம் தைக்க மாட்டோம்க்கா, ஆனா புள்ளைக்கு முடியலன்னா நாகூருக்கு வெள்ளித் தகடு போடுவோம்” என்றார் பள்ளிவாசல் தெருவைச் சேர்ந்த ஒருவர். “நாங்க வேளாங்கண்ணிக்கும் அதத்தானே போடுறோம்” என்றார் இன்னொருவர். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால், தொழிலுக்குப் படகு, பிள்ளைக்குத் தொட்டில் என்று மூன்று சமயத்தாரும் ஒரே தகட்டைத்தான் மூன்று வாசல்களில் செலுத்துகிறார்கள் என்பது அந்த மாலையில் பேச்சுவாக்கில் தெரியவந்தது. அதன் பின்னரும் வாதம் ஓயவில்லை. மூன்று மாலைகள் பேசி, எந்தத் தெய்வத்தின் உருவமும் வேண்டாம், நேர்த்திக்கடன் மட்டும் போதும் என்று முடிவு செய்தார்கள். தொட்டிலும் படகும் கண்ணும் கையும் துணியில் ஏறின. ஒருவர் மட்டும் படுத்துக் கிடக்கும் தென்னை ஒன்றைத் தைத்தார். அதை எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை.

துணி நகரத்துக்குச் சென்றது. கண்காட்சி தொடங்கிய வாரத்தில் நானும் சென்றேன். குளிரூட்டிய கூடத்தில், வெள்ளைச் சுவரில், மிக நன்றாக ஒளியமைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்த்தவுடன் கண் கலங்கியது உண்மை. பிறகு அருகில் இருந்த விவரச் சீட்டைப் படித்தேன். கருத்தும் ஆக்கமும் என்று கலைஞரின் பெயர் இருந்தது. ஒருங்கிணைப்பு என்று என் பெயர் இருந்தது. அதன் கீழே, சிறிய எழுத்தில், ‘வேதாரண்யம் பகுதிப் பெண்களின் உதவியுடன்’ என்று இருந்தது. கையேட்டில், உருவங்களைத் தவிர்த்துக் குறியீடுகளால் மட்டுமே பேசிய கலைஞரின் சிக்கனத்தைப் பாராட்டி ஒரு பத்தி எழுதப்பட்டிருந்தது. மூன்று மாலைகள் மாமியாரும் மருமகளும் பள்ளிவாசல் தெருக்காரரும் வாதாடி எட்டிய முடிவு அங்கே ஒருவருடைய பாணியாகிவிட்டது.

பெண்களின் பெயர்களை ஏன் போடவில்லை என்று அங்கிருந்த இளைஞரிடம் கேட்டேன். சீட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான் சார், இடம் போதாது என்றார். நான் மேற்கொண்டு எதுவும் பேசாமல் திரும்பிவிட்டேன். அன்று பேசாததற்குக் காரணம், அந்தச் சீட்டில் என் பெயர் இருந்தது. நூல்கண்டு வாங்கியவனுக்கு இருந்த இடம் நூல் கோத்தவர்களுக்கு இல்லை என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஊருக்கு வந்தபோது அப்பெண்களில் ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: “வாத்தியாரய்யா, நம்ம சேலைய அங்க மாட்டியிருக்காங்களாமே, கிழிசல் வெளிய தெரியாமத்தான தச்சோம், தெரியுதா?” தெரியவில்லை என்று சொன்னேன்.

சமூகச் செயல்பாடாக அமையும் கலை எங்கும் இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வேறு வகையில் நடந்தவையும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கன்னியர் மடத்தைச் சேர்ந்த கோரிட்டா கென்ட், 1960களில் ரொட்டி உறையில் அச்சிட்டிருந்த எழுத்துகளையும் மளிகைக் கடை விளம்பரங்களையும் எடுத்து விவிலிய வாசகங்களோடு சேர்த்துத் திரை அச்சில் படங்களாக்கினார். எளியவர்கள் விலைகொடுத்து வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த அச்சு முறையை அவர் தேர்ந்தெடுத்தார். ஜெர்மனியின் காசல் நகரில் 1982-இல் யோசஃப் பாய்ஸ் 7000 ஓக் மரக்கன்றுகளை நடும் பணியைத் தொடங்கியபோது, அருங்காட்சியகத்தின் முன் 7000 கருங்கற்களைக் குவித்துவைத்தார். ஒரு கன்று நடப்பட்டால் ஒரு கல் அதன் அருகே நடப்படும், குவியல் ஒரு கல் குறையும். அவர் 1986-இல் மறைந்த பின்னரும் நகரத்தார் நட்டு முடித்தார்கள், 1987-இல் கடைசிக் கன்று நடப்பட்டது.

இவற்றைவிட நமக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதி. அங்கே நவ்ஜோத் அல்தாஃப் என்னும் மும்பைக் கலைஞர், கொண்டகாவுன் ஊர்க் கலைஞர்களான ராஜ்குமார், சாந்திபாய், கெஸ்ஸுராம் ஆகியோருடன் சேர்ந்து கைப்பம்பு மேடைகளை அமைத்திருக்கிறார். நல்பார் என்று அவற்றைச் சொல்கிறார்கள். தண்ணீர் எடுக்க வரும் பெண்கள் குடத்தை ஒரேயடியாகத் தலைக்குத் தூக்காமல் இடையில் இறக்கிவைத்துத் தூக்குவதற்கு அங்கே திட்டுகள் உண்டு. சுவரில் அவ்வூர்க் குறிகளும் உருவங்களும் உண்டு. அது சிற்பமா, பொதுப்பணித் துறை வேலையா என்று கேட்டால் விடை சொல்வது கடினம். ஆனால் அந்த வேலையைப் பற்றி எழுதப்படும் இடங்களில் நான் மேலே குறிப்பிட்ட மூவரின் பெயர்களும் நவ்ஜோத்தின் பெயருக்குப் பக்கத்தில் வருகின்றன. அதனால்தான் பஸ்தரைப் பார்த்திராத நானும் அப்பெயர்களை இங்கே எழுத முடிகிறது.

கோயில் கலையில் பெயர் பொறிக்கும் வழக்கமே இல்லையே, இறைவனுக்குச் செய்வதில் எதற்குப் பெயர் என்று சிலர் கேட்பார்கள். என்னிடம் கேட்டும் இருக்கிறார்கள். சுவாமிமலையில் காவிரி வண்டலை மெழுகின் மேல் அப்பி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து உருவாக்கும் திருமேனிகளில் சிற்பியின் பெயர் இராது. சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோடாலிக் கருப்பூரிலும் இயற்கைச் சாயத்தில் கலம்காரித் துணி எழுதுவோர் செய்து கொடுக்கும் தொம்பைகள் என்னும் உருளை வடிவத் துணித் தொங்கல்கள் மண்டபங்களிலும் தேர்களிலும் தொங்குகின்றன. அவற்றிலும் எழுதியவர் பெயரைப் பார்க்க முடியாது. உண்மைதான். (அதே கோயிலில் குழல்விளக்கின் மேல் உபயதாரர் பெயர் வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு எழுதப்பட்டிருப்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.) ஆனால் காவிரிப் படுகையின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால், இங்கே இறைநம்பிக்கை தன்னை வெளிப்படுத்திக்கொண்ட மிகச் சிறந்த தருணங்கள் சில, பெயர்ப் பட்டியல்களாகவே இருக்கின்றன.

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் முன் நின்று சுந்தரர் பாடியதாக மரபு கூறும் திருத்தொண்டத் தொகை ஒரு பெயர்ப் பட்டியல்தான். அறுபது தனியடியார்களையும் ஒன்பது தொகையடியார்களையும், அதாவது அடியார் கூட்டங்களையும், ஒவ்வொருவராகச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் தான் அடியேன் என்று அவர் சொல்லிக்கொண்டு போகிறார். அதில் தில்லைவாழ் அந்தணர்க்கு அடுத்து வருபவர் ஒரு குயவர். துணி வெளுப்பவரும் உண்டு, வேடரும் உண்டு, நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வலை வீசிய அதிபத்தரும் உண்டு. கடல் நாகை என்று அவருடைய ஊரையும் சேர்த்தே சுந்தரர் சொல்கிறார். திருநாளைப் போவாரும் உண்டு. நந்தனாரின் அந்தப் பெயர், தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று போக முடியாமலேயே நின்றதால் வந்தது என்பது சேக்கிழார் தரும் வரலாறு. ஒருவருக்கு மறுக்கப்பட்டதே அவருடைய பெயராகி, அந்தப் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறது. வைத்தீசுவரன் கோயிலுக்கு அருகிலுள்ள திருப்புன்கூரில் அவர் வெளியில் நின்று தரிசிப்பதற்காக விலகியதாகச் சொல்லப்படும் நந்தி இன்றும் நேர்க்கோட்டிலிருந்து சற்று ஒதுங்கியே இருக்கிறது. இக்காலக் கலைஞர் ஒருவர் ஒரு சிலையை நான்கடி நகர்த்திவைத்து அதற்கு இவ்வளவு பொருளை ஏற்ற முடியுமா என்பது ஐயம். நந்தி விலகியது, மதில் விலகவில்லை என்பதையும் அந்த இடத்தில் நின்று பார்ப்பவர்கள் மறக்கக் கூடாது.

அதே தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில், முசுகுந்தன் என்னும் மன்னன் திருவாரூர் இறைவனான தியாகராசரைத் தேவலோகத்திலிருந்து பூமிக்குக் கொண்டுவந்த கதை ஓவியமாக இருக்கிறது. தெய்வங்களும் மன்னரும் மட்டும் அதில் இல்லை. விழாக் கூட்டமும் வாத்தியக்காரர்களும் ஆடுபவர்களும் வாணவேடிக்கையும் நிறைந்திருக்கும். அந்த ஓவியரின் பெயர் நமக்குத் தெரியும். சிங்காதனம் என்று அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. பெயரை எழுதியதால் அவருடைய பக்தி குறைந்துவிட்டதாகத் திருவாரூரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், “மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லில் வெட்டச் சொன்னது பலரும் அறிந்தது. அதைவிட எனக்கு வியப்பைத் தருவது தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றிய, அதாவது கோயில் பணிக்கென அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரைப் பற்றிய கல்வெட்டு. ஏறத்தாழ 400 பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், தஞ்சையில் எந்தச் சிறகில் (தெருவின் வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்ற விவரங்களோடு அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. ஒருவருக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கூலிக் கணக்கும் உண்டு. நட்டுவனாரும் பாடுவாரும் நாவிதரும் வண்ணாரும் குயவரும் கணக்கரும் தொடர்ந்து வருகிறார்கள். தையற்காரருக்கும் அதில் இடமுண்டு, மணிகளைக் கோத்துத் தைப்பவருக்கு ‘இரத்தினத் தையான்’ என்ற தனிப் பெயரே உண்டு. அந்தப் பெண்கள் தஞ்சைக்கு விரும்பி வந்தார்களா, அழைத்துவரப்பட்டார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. கல்லைச் சுமந்தவர்களின் பெயர்களும் அதில் இல்லை. மன்னராட்சியை மெச்சுவதற்காக இதை நான் எடுத்துச் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயரும் முகவரியும் கூலியும் எழுதுவதற்குக் கருங்கல்லில் இடம் போதியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் படுகையில் இன்னொரு கல் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் இங்கே நம்பிக்கை, ஒற்றுமை என்று பேசுவது எனக்குக் கூசுகிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், இராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கியபோது அக்குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். தீர்ப்பு எழுதாத ஒன்றை அங்குள்ள நினைவிடத்துக் கல் எழுதி வைத்திருக்கிறது. 44 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று அங்கு வருபவர்கள் அந்தப் பெயர்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். ஓவிய ஆசிரியனாக அதன் வடிவமைப்பைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரே குடும்பத்தவர் பலரின் பெயர்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது ஏற்படும் நிலையை நான் பார்த்த எந்தக் கண்காட்சியும் எனக்குத் தந்ததில்லை.

அந்த நிகழ்வுக்குப் பின் அப்பகுதிக்கு வந்து தங்கியவர்கள் காந்தியவழியினரான கிருஷ்ணம்மாளும் அவருடைய கணவர் ஜெகந்நாதனும். வினோபாவின் பூதான இயக்கத்திலிருந்து வந்த அவர்கள், 1981-இல் உழுபவருக்கு நிலம் பெற்றுத் தருவதற்காக லாப்டி என்ற இயக்கத்தைத் தொடங்கி, பேச்சுவார்த்தையாலும் நடைப்பயணத்தாலும் உண்ணாநோன்பாலும் வங்கிக் கடனாலும் நிலமற்ற பல்லாயிரம் தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தந்தார்கள். இறால் பண்ணைகளுக்கு எதிராக ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008-இல் இருவருக்கும் ஸ்வீடனின் ‘சரியான வாழ்வுரிமை விருது’ கிடைத்தது. தங்கள் கட்டுரை பேசிய நம்பிக்கையும் சமூகச் செயலும் ஒரே வாழ்வில் கலந்ததற்கு இதைவிட அண்மைச் சான்று நம் மாவட்டங்களில் இல்லை. அதில் என் நெஞ்சில் நிற்பது ஒரு சிறு செய்தி. அந்த நிலங்கள் பெண்களின் பெயரில் பதிவு செய்யப்பட்டன. ஆணின் பெயரில் இருந்தால் சாராயத்துக்குப் போய்விடும் என்ற நடைமுறைக் கணக்கும் அதில் இருந்திருக்கலாம். எப்படியாயினும், தலைமுறை தலைமுறையாக நாற்றுக்கட்டோடு மட்டும் அந்த வயலில் இறங்கியவர் அதன் பட்டாவில் இறங்கினார்.

பெயரில்லாமல் இருப்பதற்கும் ஒரு மாண்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1930 ஏப்ரலில் இராசாசியின் தலைமையில் உப்புச் சத்தியாகிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்தபோது, அவர்களுக்கு உணவோ உறைவிடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் ஆணையிட்டார். வழியிலிருந்த ஊரார் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டினார் என்று காவலருக்கும் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது. இன்று ஒரு கலைக்கூடத்தில் ஒரு மரத்தை நட்டு அதில் பொட்டலங்களைக் கட்டிவைத்தால் அதற்கு ‘இன்ஸ்டலேஷன்’ என்று பெயர், நுழைவுக் கட்டணமும் உண்டு. அந்த ஊரார் தங்கள் பெயரைத் தாங்களே மறைத்துக்கொண்டார்கள். மறைக்க வேண்டிய காரணமும் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. எங்கள் ஊர்ப் பெண்களிடம் பெயர் போடலாமா வேண்டாமா என்று எவரும் கேட்கவே இல்லை.

மத ஒற்றுமையை வரைவதைப் பற்றியும் ஒரு சொல். கோபுரம், மினார், சிலுவை மூன்றையும் ஒரே படத்தில் வரைவது நம் பகுதியில் ஒரு வாய்பாடாகிவிட்டது. ஒருமைப்பாட்டு வாரப் போட்டியில் ஆண்டுதோறும் பிள்ளைகள் இதையே வரைவார்கள், நானும் பரிசு கொடுத்திருக்கிறேன். தங்கள் கட்டுரையோடு வந்த படங்களில் ஒன்றும் ஏறத்தாழ அதே படத்தின் விலையுயர்ந்த வடிவமாகவே எனக்குத் தெரிந்தது. ஆனால் நாகூர் தர்காவின் ஐந்து மினார்களில் மிக உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங். அங்கே கோபுரமும் மினாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவில்லை, ஒருவருடைய பணத்தில் இன்னொருவருடைய மினார் எழுந்திருக்கிறது. தஞ்சாவூரை அடுத்த காசவளநாடு புதூரில் இந்துக் குடும்பத்தார் மொகரம் நாட்களில் விரதமிருந்து, உள்ளங்கை வடிவத்தை ‘அல்லா சாமி’ என்று ஊருக்குள் எடுத்துச் சென்று, தீ மிதிக்கிறார்கள். அவர்களுக்கு அது மத நல்லிணக்க நிகழ்ச்சி இல்லை, அது அவர்கள் ஊர்த் திருவிழா. ஆடி முடிந்ததும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களை நான் சிறுவயது முதல் பார்க்கிறேன். அவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவது யார், இரவில் படுக்கத் திண்ணையைக் கொடுப்பது யார், கொடுக்க மறுப்பது யார் என்று பார்த்தால் ஒற்றுமை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது விளங்கும். சாமி ஊர்வலம் நுழையாத தெரு இன்னும் சில ஊர்களில் இருக்கிறது என்பதும் விளங்கும். மூன்று கோபுரப் படத்தில் அந்தத் தெரு ஒருபோதும் வருவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் பெரியது அன்று. மக்களோடு சேர்ந்து செய்யப்பட்டது என்று ஒரு படைப்பு சொல்லிக்கொள்ளுமானால், அந்த மக்கள் யார், அவர்கள் எந்த முடிவுகளை எடுத்தார்கள், அவர்களுக்கு என்ன கூலி தரப்பட்டது, படைப்பு விற்கப்பட்டால் அதில் அவர்களுக்குப் பங்குண்டா என்று விமரிசகர்கள் கேட்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நாளுக்கு ஒரு தேநீரும் ஒரு பன்னும் தரப்பட்டன, முடிவில் ஆளுக்கு ஒரு சேலை தரப்பட்டது. அந்தத் துணி இப்போது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் எனக்கும் தெரிவிக்கப்படவில்லை. இருமுறை கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அது ஊருக்கே திரும்பி வந்தால், புயல் பாதுகாப்பு மையத்தின் சுவரில் அதற்குப் போதுமான நீளம் இருக்கிறது என்பதை நானே நாடாவால் அளந்து பார்த்திருக்கிறேன். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து வெளிவரும் இளைஞர்களில் பலர் இதே வயல்களிலிருந்தும் கடற்கரைகளிலிருந்தும் வருகிறவர்கள். வெளியூரிலிருந்து யார் வந்தாலும், அந்த மூன்று மாலை வாதத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிவைக்க அவர்களில் ஒருவரை அமர்த்தலாம். நான் அன்று எழுதிவைக்கவில்லை. இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

தங்கள் இணைப்பின் கட்டுரையாளர் அடுத்த முறை டெல்டாவுக்கு வந்தால் நாகப்பட்டினத்தில் இறங்கி ஒரு வார்த்தை சொல்லட்டும். அழைத்துச் சென்று அப்பெண்களை அறிமுகம் செய்துவைக்கிறேன். துணியைப் பற்றி அவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். அந்தத் தென்னை எந்தச் சாமிக்கு என்பதையும் அவரே கேட்டுக்கொள்ளலாம்.

இக்கடிதத்துடன் தனித்தாள் ஒன்றை இணைத்திருக்கிறேன். சென்ற வாரம் அவ்வூருக்குச் சென்று, ஒவ்வொருவரையும் கேட்டு, அவரவர் ஒப்புதலோடு எழுதிவந்த 27 பெயர்கள் அதில் உள்ளன. ஒருவர் இப்போது இல்லை. அவருடைய மகளைக் கேட்டு எழுதினேன். எந்தப் பகுதியை யார் தைத்தார் என்பதையும் பெயருக்கு நேரே குறித்திருக்கிறேன். இரண்டையும் ஒருசேர வெளியிடுமாறு வேண்டுகிறேன். இடம் போதாதெனில், இந்தக் கடிதத்தை விட்டுவிட்டு அந்தப் பட்டியலை மட்டும் வெளியிடுக.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.